இசோகாய் வீட்டுச் சுவர்

கினுயோவுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் முப்பத்தொரு வருஷமாக அதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்ல முடியும்? அது பக்கத்து இசோகாய் வீட்டுச் சுவர்.

பத்து வரிசை ஹாலோ பிளாக். ஆள் உயரத்துக்கு மேலேயும் ஒரு சாண் இருக்கும். கொல்லையிலிருந்து தெரு வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் விறைப்பாக நின்றது. மதியம் இரண்டு மணியானால் போதும், மேற்கே இறங்கும் வெயிலை மொத்தமாக மறைத்துவிடும். கினுயோ கொடியில் போட்ட துணி என்றைக்கும் பாதி ஈரத்தோடுதான் வீட்டுக்குள் வரும். "பாதி காஞ்சா போதாதா? மீதி உடம்புச் சூட்டுல காயும்" என்பான் அவள் கணவன் மசனோரி. பஸ் டிரைவர். எந்தப் பிரச்சினையையும் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் மனிதன்.

சுவர் இசோகாயுடையது என்று கினுயோவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. கினுயோவின் குவாபரா குடும்பம் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டது ஏணி மேல் நின்ற இசோகாய்தான். நனைந்துகொண்டே சுவரின் உச்சிக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். மழையில் ஒருவன் தன் சுவருக்கு அல்லாமல் வேறு யார் சுவருக்கு இப்படி உழைப்பான்? புதிதாகக் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கவேண்டிய துண்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து வணங்கி, "சுவர் ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் கினுயோ. இசோகாய் காதுவரை சிவந்துபோய் இவளைவிடத் தாழக் குனிந்தார். அதோடு அவள் மனதில் பத்திரம் எழுதியாகிவிட்டது.

அந்த வாரமே மசனோரி ஒரு காரியம் செய்தான். துணிக்கம்பு மாட்ட இரண்டு இரும்புக் கொக்கியை அந்தச் சுவரில் துளை போட்டு அடித்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரான் சுவரில் ஓட்டை போட்டுவிட்டோமே என்று கினுயோ நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டிசம்பர் வந்ததும், வருஷக் கடைசிப் பரிசு என்ற சாக்கில், நல்ல கடையில் ஒரு ஹாம் பெட்டி வாங்கி இசோகாய் வீட்டுக்குக் கொடுத்தாள். அடுத்த கோடையில் அவர்கள் வீட்டிலிருந்து, நூல் போல மெல்லிய சோமென் சேமியா ஒரு பெட்டி வந்தது. மறு டிசம்பரில் ஹாம். மறு கோடையில் சோமென். கொக்கி துருப்பிடித்து இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. ஹாம் மட்டும் நிற்கவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். அக்டோபரில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பூமி ஆடியது.

பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. சுருகா வளைகுடாக் கரையில் பிறந்தவர்கள் அதற்கெல்லாம் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். சூப் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை கார் நிறுத்தும் இடத்தைக் கூட்டப்போன கினுயோ விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். சுவரின் தெருப்பக்க முனையில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறிப் போயிருந்தது. சுவரின் தலை அவள் பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது.

அந்தச் சுவரடியில்தான் தினமும் காலை ஏழு இருபதுக்கு ஒன்பது பிள்ளைகள் கூடுவார்கள். அந்தப் பேட்டைப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வரிசையாகப் பள்ளிக்கு நடப்பது வழக்கம். தெரு குறுகல், மசனோரி விடியுமுன்பே காரை எடுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போய்விடுவதால் அவர்கள் வீட்டுக் கார் இடம் காலியாக இருக்கும். அதுதான் கூடும் இடம் என்று பள்ளி வரைபடத்தில்கூடச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதுகுப்பையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கினுயோ பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறவள். எவன் காரட்டை ஒதுக்குவான், எவள் இரண்டாம் தரம் குழம்பு கேட்பாள் என்று ஒன்பது பேரின் வயிறும் அவளுக்கு மனப்பாடம். அன்று காலை அந்த ஒன்பது தலைக்கு மேலேயும் கல் சாய்ந்து நின்றது.

"ஏங்க, அந்தச் சுவர் விழுந்துடும். இசோகாய்-சான் கிட்ட சொல்லுங்க" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"நானா? என்னன்னு? 'உங்க சுவர் ஆள் கொல்லும்'னா?"

"அதையே மரியாதையா சொல்லுங்க."

"ஆள் கொல்றதுல என்னடி மரியாதை? நீயே சொல்லு. உனக்குத்தான் முப்பது வருஷ ஹாம் பழக்கம்."

பிள்ளைகளை வேறு இடத்தில் நிற்கச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் இடத்தை மாற்றக் காரணம் எழுதவேண்டும். எழுதிய தாள் சுற்றறிக்கை அட்டையில் சொருகப்பட்டு வீடு வீடாகப் போகும். 'இசோகாய் வீட்டுச் சுவர் ஆபத்து' என்று பதினாறு வீடும் படித்து முத்திரை குத்தும். முப்பத்தொரு வருஷம் குனிந்து வணங்கிய மனிதரின் முகத்தில் அப்படிக் கரியைப் பூசுவதா? அதைவிடத் தானே போய்ச் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றியது கினுயோவுக்கு.

அந்த வாரச் சுற்றறிக்கை அட்டையில் அவள் அதிர்ஷ்டத்துக்கு நகராட்சியின் தாள் ஒன்று வந்தது. ஆபத்தான ஹாலோ பிளாக் சுவரை இடித்துவிட்டு உயிர்வேலி வைத்தால் நகராட்சி உதவித்தொகை தரும். சுவரின் சொந்தக்காரர் நவம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கினுயோவுக்குக் கடவுளே நேரில் வந்தது போலிருந்தது. மற்றத் தாள்களையெல்லாம் கீழே தள்ளி இதை எல்லாவற்றுக்கும் மேலே சொருகி, அட்டையைக் கொண்டுபோய் அடுத்த வீடான இசோகாய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அதே தாள், அழகாக மூன்றாக மடித்து, அவள் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்தது. ஓரத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற இசோகாயின் குண்டு குண்டான கையெழுத்து: 'கவனிக்காமல் விட்டிருப்பீர்களோ என்று.'

"பாத்தீங்களா, திருப்பி மூஞ்சில அடிச்சிட்டாரு" என்றாள் கினுயோ.

"நல்லவேளை, மடிச்சு அடிச்சாரு" என்றான் மசனோரி.

அடுத்த ஞாயிறு ஏழு சீமைப் பனிச்சைப் பழத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே போனாள். இசோகாய் வெளியே வந்தார். பின்னால் அவர் மனைவி தோமிகோ. மூன்று பேரும் குனிந்தார்கள்.

"இப்பல்லாம் பூமி அடிக்கடி ஆடுது, இல்லைங்களா?" என்று ஆரம்பித்தாள் கினுயோ.

"ஆடுது, ஆடுது. ரொம்ப ஆடுது" என்றார் இசோகாய். அவர் கண் ஒரு நொடி சுவர்ப்பக்கம் போய் வந்தது.

இதுதான் சமயம். வார்த்தை கினுயோவின் தொண்டைவரை வந்தது. "சுவர்..." என்றாள்.

"சுவர்?" என்றார் இசோகாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு. தோமிகோ பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சுவர்... எப்பவும் போல கம்பீரமா நிக்குதுங்க."

"ஆமாங்க" என்றார் இசோகாய், காற்றுப்போன டயர் மாதிரி. "கம்பீரமாத்தான் நிக்குது."

வீட்டுக்கு வந்து கினுயோ தன் வாயில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். ஏழேகாலுக்கே டிரான்சிஸ்டரோடு வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டினாள். அங்கே மூடிக்கிடந்த ஆரஞ்சுக் கடை முன்னால் வரிசையாக நிற்கவைத்து, ரேடியோ உடற்பயிற்சி. கையைத் தூக்கு, இடுப்பை வளை, குதி. கோடை லீவில் மட்டும் செய்கிற பயிற்சியை அக்டோபர் குளிரில் எதற்குச் செய்கிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

"சாப்பாட்டு அத்தே, இது எதுக்கு?" என்று கேட்டாள் யுசுகி. ஆறாம் வகுப்பு, வரிசைக்குத் தலைவி, கையில் மஞ்சள் கொடி.

"நல்லா பசிக்கும்."

"எனக்கு இப்பவே பசிக்குது" என்றான் முதல் வகுப்புக் கோட்டா.

"அப்போ வேலை செய்யுது, பாரு. குதி!"

மூன்றாம் நாள், இசோகாய் ஒரு வாளியும் அகப்பையுமாக வெளியே வந்தார். வாசல் தெளிக்கும்போது பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் ஓர் அகப்பை தெளிப்பது மரியாதைதான். ஆனால் புழுதி பறக்கும் ஆகஸ்டில் செய்கிற வேலை அது. இவரோ சில்லென்ற காலையில், தன் வாசலுக்கு ஓர் அகப்பை, தெருவில் நின்றபடியே கினுயோவின் கார் இடத்தில் சுவரடியில் ஒரு வாளி என்று கொட்டினார். பிள்ளைகள் உட்காரும் இடமெல்லாம் சொதசொதவென்று ஆனது. தினமும். ஏழு மணிக்கு. முகத்தில் அதே மரியாதையோடு.

கினுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளைங்க உக்காரக்கூடாதாம்! அவர் சுவருல சாயக்கூடாதாம்! இத்தனை வருஷம் ஹாம் தின்னுட்டு மனுஷன் மனசு இவ்ளோ சின்னதா இருக்கே!" என்று ராத்திரி பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள். சுவருக்கு அந்தப்பக்கம், "காலங்காத்தால ஏழு மணிக்கு ரேடியோவை அலறவிட்டு என்னத்துக்கு இந்தம்மா கூத்தடிக்குது?" என்று தோமிகோ கேட்டுக்கொண்டிருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் இந்தக் கூத்து நடந்தது. நவம்பர் ஐந்தாம் தேதி காலை, கோட்டா எதிர்ப்பக்கம் வராமல் நேராகச் சுவரடிக்கு ஓடினான். முந்தின நாள் சாயங்காலம் விளையாடும்போது அங்கே விட்டுப்போன கோலிக்குண்டு ஒன்றைத் தேடத்தான் ஓடினான். ஈரத்தில் கால் வழுக்கியது. முதுகுப்பையோடு மல்லாக்க விழுந்து, விழுந்த வேகத்தில் சுவரில் ஓர் உதை விட்டான். விரிசலிலிருந்து கைப்பிடியளவு சிமெண்ட்தூள் அவன் மேல் உதிர்ந்தது.

கினுயோ எப்படித் தெருவைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றபோது இசோகாயும் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். முப்பத்தொரு வருஷ வணக்கமெல்லாம் அந்த நொடியில் பறந்துபோனது.

"இசோகாய்-சான்! எங்க மேல என்ன கோவம் வேணா இருக்கட்டும். பிள்ளைங்க என்னங்க பண்ணிச்சு? தண்ணிய ஊத்தி ஊத்தி விரட்டறீங்களே!"

"நானா விரட்டறேன்?" இசோகாய்க்கு முகம் வெளுத்தது. "அந்தச் சுவரடில யாரும் உக்காந்துடக் கூடாதுன்னுதானே ஊத்தறேன்! விழுந்துட்டா?"

"விழும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? ராத்திரி தூக்கமே இல்லீங்க எனக்கு."

"அப்புறம் இடிக்கவேண்டியதுதானே!"

"நான் எப்படிங்க இடிப்பேன்? இடிங்கன்னு உங்க கிட்ட சொல்றதுக்கே நாக்கு வராம செத்துக்கிட்டிருக்கேன். தாளைக்கூட உங்க பெட்டில போட்டேனே!"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? உங்க சுவருக்கு நானா அனுமதி தரணும்?"

"என் சுவரா?" என்றார் இசோகாய். "அது உங்க சுவருங்க!"

டிரான்சிஸ்டர் மட்டும் 'இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து' என்றது. ஒன்பது பிள்ளைகளும் இந்தப் பெரியவரையும் அந்த அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்போ இவ்ளோ நாளா நாங்க யாரு சுவர்ல சாஞ்சிருந்தோம்?" என்று கேட்டாள் யுசுகி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அன்று மத்தியானமே நகராட்சியிலிருந்து அகினா என்ற பெண் வந்தாள். டேப்பும் சின்ன மண்வெட்டியும் கொண்டுவந்தாள். இசோகாய் வீட்டுப் பக்கம், சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, ஹைட்ரேஞ்சியாப் புதருக்கு அடியில் தோண்டினாள். சாண் ஆழத்தில் எல்லைக்கல் தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்தால் தலையில் சிவப்பாக ஒரு சிலுவைக்கோடு.

"எல்லை இங்கதான். அதனால சுவர் முழுசும் குவாபரா-சான் வீட்டு நிலத்துல நிக்குது" என்றாள் அகினா. "சுவர் உங்களோடதுதாங்க."

கினுயோ மசனோரியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தான். பத்திரத்தைப் பிரித்து விரலை வைத்துத் தேடி, "அட, 'காம்பவுண்டு சுவர் உட்பட'ன்னு போட்டிருக்குடி" என்றான்.

"வாங்கறப்போ படிக்கலையா நீங்க?"

"கையெழுத்து போடற இடத்தைத்தானே காட்டினாங்க."

"அப்போ அன்னிக்கு நீங்க ஏணி போட்டு சிமெண்ட் பூசினது?" என்று இசோகாயிடம் கேட்டாள் கினுயோ.

இசோகாய் அன்று போலவே காதுவரை சிவந்தார். "முந்தின வாரப் புயல்ல மேல் மூடி பேந்துபோச்சு. பழைய சொந்தக்காரர் நகோயாவுக்குப் போயிட்டாரு. புதுசா வர்றவங்க முதல் நாளே உடைஞ்ச சுவரைப் பார்த்தா மனசு சங்கடப்படுமேன்னு... நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு பார்த்தேன். மழை வந்துடுச்சு. அடுத்தவங்க சுவர்ல ஏறி நிக்கறப்போ கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்."

"அப்ப எதுக்கு ஹாமெல்லாம் வாங்கிட்டீங்க?"

"வாங்காம?" என்று இப்போது தோமிகோ முன்னால் வந்தாள். "உங்க சுவரால எங்க வீட்டுக்குக் காலை வெயிலே வர்றதில்ல. அது உங்களுக்கும் தெரிஞ்சு, பாவம், மன்னிப்புக் கேக்கற மாதிரி வருஷா வருஷம் இவ்ளோ பெரிய ஹாம் அனுப்பறீங்க. அதுக்கு மேல நாங்க எந்த வாயால சுவரை எடுங்கன்னு கேக்கறது? அதுவும் இவருக்கு பிரஷர். உப்பே ஆகாது. முப்பது ஹாமும் இவர் தங்கச்சி வீட்டுக்குத்தான் போச்சு."

மசனோரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். முடியாமல் தகர டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கினுயோவுக்கு ஒரு கணம் அழுகையாகத்தான் வந்தது. ஒன்பது பிள்ளைகளின் தலைக்கு மேல் அத்தனை நாள் ஆடிக்கொண்டிருந்தது தன்னுடைய கல்லா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே இடித்துத் தள்ளியிருக்கலாமே! பிறகு தோமிகோவின் முகத்தைப் பார்த்தாள். "எங்க வீட்டு அலமாரில உங்க சோமென் எட்டுப் பெட்டி அப்படியே இருக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எல்லைக்கல்லைச் சுற்றி நின்று ஐந்து பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அகினாவுக்கு எதற்கென்றே தெரியாது, ஆனாலும் சிரித்தாள்.

அன்றைக்கே கினுயோ விண்ணப்பத்தில் முத்திரை குத்தினாள். அடுத்து ஒரு தாள் எடுத்து, 'எங்கள் வீட்டுச் சுவர் ஆபத்து. வேலை முடியும்வரை பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கூடவும். குவாபரா' என்று எழுதிச் சுற்றறிக்கை அட்டையில் சொருகினாள். தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுவரை இடிக்க ஆட்கள் வருவதற்குள், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கொல்லையில் டீயும் வறுத்த வேர்க்கடலையுமாக நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"அலுமினியம்" என்றான் மசனோரி. "தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், பேச்சு வாங்க வேண்டாம்."

"மூங்கில் தட்டின்னா பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார் இசோகாய். "ஆனா அஞ்சு வருஷத்துல கறுத்துடும்."

"கம்பிவலை போட்டா?"

"நாம என்ன கோழியா?" என்றாள் தோமிகோ. "எதுவுமே வேண்டாங்க. வெயில் வரட்டும். அது போதும்."

"அது சரிப்படாது. உங்க வீட்டுக்காரர் உள்ளாடை மட்டும் போட்டுக்கிட்டு கொல்லைக்கு வருவாருன்னு கேள்வி" என்றான் மசனோரி. இசோகாய் டீயைப் பார்த்துக்கொண்டார்.

"சுவர் யாரோடது?" என்று கேட்டாள் கினுயோ. எல்லோரும் வாயை மூடினார்கள். சொந்தக்காரி ஆனதிலிருந்து அவளுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. "உயிர்வேலி. ஆரஞ்சுத் தோப்புக்கெல்லாம் வைக்கறாங்களே, அந்த மாக்கிச் செடி. காத்துக்கு வளையும், விழாது. நெஞ்சு உயரத்துக்கு மேல வளரவிட மாட்டேன். உங்க பக்கத்தை நீங்க வெட்டணும், இசோகாய்-சான்."

"அது உங்க வேலி ஆச்சே..."

"அதான் சொல்றேன், வெட்டுங்க. கேக்காமலே ஏணி போட்டு ஏறுங்க."

நவம்பர் கடைசியில் சுவர் விழுந்தது. விழுந்தது என்றே சொல்லவேண்டும். வந்த ஆள் மேல் வரிசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "அம்மா, இதுல கம்பியே இல்லம்மா. ஒண்ணு மேல ஒண்ணு சும்மா அடுக்கி வெச்சிருக்கு" என்றான். அடியில் மட்டும் கட்டுமானம் கெட்டியாக இருந்ததால், கார் இடத்தை ஒட்டி இரண்டு வரிசையை விட்டுவிடலாம் என்று அகினா சொன்னாள். முழங்கால் உயரம். மேலே பூசி வழவழப்பாக்கினார்கள்.

அன்று மதியம் மூன்று மணி வெயில் கினுயோவின் கொல்லைக்கு முதன்முதலாக வந்தது. மசனோரி முழுசும் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். மறுநாள் காலை கினுயோ பாத்திரம் கழுவும்போது நிமிர்ந்தால், நேர் எதிர் ஜன்னலில் தோமிகோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷமாக இருவரும் எதிரும் புதிருமாகத்தான் நின்றிருக்கிறார்கள். இருவரும் நுரைக்கையைத் தூக்கிக் காட்டினார்கள். கினுயோவுக்கு அன்று முழுவதும் மனசு துள்ளிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி கன்றுகள் வந்தன. இசோகாய் நூல் பிடித்து, ஒவ்வொன்றையும் தபால்தலை ஒட்டுவது போல நேராக நட்டு, மூங்கில் குச்சியோடு கட்டினார். பிள்ளைகள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்கள். இரண்டு வரிசைக் கல் அவர்களுக்கு அளவெடுத்துச் செய்த பெஞ்சாக இருந்தது. ரேடியோ உடற்பயிற்சி ரத்தானதில் கோட்டாவுக்கு மட்டும் வருத்தம்.

பதினெட்டாம் தேதி காலை ஏழு இருபத்திரண்டுக்குப் பூகம்ப எச்சரிக்கையோடு போன் அலறியது. கினுயோ அடுப்பை அணைக்கக் கை நீட்டுவதற்குள் வீடு பிடித்து உலுக்கப்பட்டது. அக்டோபரில் வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அலமாரி திறந்து கிண்ணங்கள் கொட்டின. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டம் தணிந்ததும் வெறுங்காலோடு ஓடினாள்.

பிள்ளைகள் பெஞ்சின் அருகில் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே குந்தி, முதுகுப்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். யுசுகி மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாரும் இருக்கோம், அத்தே!" அவர்களுக்கு மேலே வானம் இருந்தது. மாக்கிக் கன்றுகள் குச்சியில் கட்டியபடியே தலையை ஆட்டி ஆட்டி மெதுவாக ஓய்ந்துகொண்டிருந்தன. ஒரு கல் விழவில்லை. விழுவதற்குக் கல்லே இல்லை. கினுயோ அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்தப்பக்கமிருந்து இசோகாய், மேலே பனியனும் கீழே முழங்கால்வரை உள்ளாடையுமாக, கன்றுகளைத் தாண்டிக் குதித்து வந்தார். வணக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, இதுநாள்வரை கேட்காமல் அவர் கால் பதியாத மண்ணில். "ஒன்பதா? ஒன்பதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தானும் ஒருதரம் எண்ணினார். தோமிகோ பின்னாலேயே கோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் மேல் போர்த்தினாள்.

சுனாமி பயம் இல்லை என்று ஊர் ஒலிபெருக்கி அறிவித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது: கட்டிடத்தைச் சோதிக்க ஒருமணி நேரம் ஆகும், பிள்ளைகள் அதுவரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பூமி ஆடியதும் கேஸ் மீட்டர் தானாகவே நின்றுபோய், வீட்டு அடுப்பு எரியவில்லை. கினுயோ முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒன்பது வயிறு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவளால் சும்மா இருக்க முடியாது. உள்ளே போய்க் கையடக்க கேஸ் அடுப்பையும் பெரிய பாத்திரத்தையும் தூக்கிவந்தாள். அலமாரியிலிருந்து இரண்டு பெட்டி சோமென். பிறகு செருப்பு விடுமிடத்தில், முந்தின நாள் கடையிலிருந்து வந்து பிரிக்காமல் கிடந்த இன்னொரு பெட்டி.

தோமிகோ அடுப்பைப் பற்றவைத்தாள். மீன் சாறு கொதித்தது. கினுயோ பெஞ்சின் மேலேயே பலகையை வைத்துப் பெட்டியைப் பிரித்து ஹாமைத் தடிதடியாக நறுக்கினாள். காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வந்த பிள்ளைகள் என்று யாரும் சொல்ல முடியாது, அப்படிச் சாப்பிட்டார்கள். கோட்டா மூன்றாம் தரம் கிண்ணத்தை நீட்டினான். பிரஷர்காரர் இசோகாயும் மனைவி அந்தப்பக்கம் திரும்பிய சமயம் பார்த்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார், மென்றுகொண்டே. பிறகு சந்தேகமாகக் கேட்டார். "ஆமா, இந்த வருஷம் ஹாம் எதுக்கு? சுவர்தான் இல்லையே?"

"அதுக்குத்தான்" என்றாள் கினுயோ, அவர் கிண்ணத்தில் இன்னொரு துண்டைப் போட்டபடி.